ஒரு டிரம்மில் எத்தனை கேலன்? கிருஷ்ணகிரி மாங்கூழ் விலைப்புள்ளி ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் பக்கம் உள்ள ஒரு நடுத்தர மாங்கூழ் ஆலைக்கு, சீசன் தொடங்கும் முன்பே அமெரிக்காவிலிருந்து ஒரு விசாரணை வந்தது. கேட்டவர்கள் பழரசம் தயாரிக்கிறவர்கள். தோத்தாபுரிக் கூழ் வேண்டும், அதாவது நம் மண்டியில் பெங்களூரா என்று சொல்லும் மாம்பழத்தின் கூழ். முதல் தடவை 4,000 கேலன் அளவுக்கு வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், ஒரு கேலன் என்ன விலை என்று கேட்டிருந்தார்கள்.

ஆலை விலைப்புள்ளி அனுப்பியது. கூடவே, இருபதடி கன்டெய்னர் ஒன்றில் 80 டிரம் ஏறும், அது சுமார் 3,780 கேலன், ஆகவே 4,000 கேலன் ஒரே கன்டெய்னரில் அடங்காது என்றும் எழுதியது. பதில் மின்னஞ்சலில் இரண்டே விஷயம்தான் இருந்தது. ஒன்று, உங்கள் விலை மற்றவர்களைவிட அதிகம். இரண்டாவது, மற்ற ஆலைக்காரர்கள் 80 டிரம்முக்கு ஏறத்தாழ 4,300 கேலன் கணக்கு சொல்கிறார்கள், நீங்கள் 3,780 என்கிறீர்கள். டிரம்மைக் குறைவாக நிரப்புகிறீர்களா?

விலை அதிகம் என்பது வியாபாரத்தில் தினமும் கேட்கும் பேச்சு. குறைவாக நிரப்புகிறாயா என்பது அப்படியில்லை. அளவில் ஏமாற்றுகிறவன் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அந்த வாங்குபவரோடு அது நிற்காது, அவருக்குத் தெரிந்த நான்கு பேரிடமும் போகும். முதலாளி உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார். இந்தப் பக்கத்து ஆலைகள் சிலவற்றுக்கு அடக்கவிலைக் கணக்கும் ஏற்றுமதிக் காகித வேலையும் பார்த்துக் கொடுப்பவன் நான். அதனால் கோப்பு என்னிடம் வந்தது. ஆலையின் பெயரையும் வாங்குபவர் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன். விலையையும் மாற்றி, கூழ் கிலோ 80 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். அளவுகள் எல்லாம் இருந்தபடியே.

டிரம்மில் இருப்பது என்ன

இங்கே ஏற்றுமதிக்குப் போகும் கூழில் பெரும்பகுதி, கிருமி நீக்கிய அசெப்டிக் பையில் நிரப்பி இரும்பு டிரம்முக்குள் வைத்துப் போகிறது. சாதாரணக் கூழ் என்றால் ஒரு டிரம்முக்கு நிகர எடை 215 கிலோ. இந்த எண் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். நிரப்பும் இடத்தில் எடைமேடை இருக்கிறது. 215 வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். இருப்பில் இருந்த டிரம்களில் சிலவற்றை வேறொரு தராசில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். காலி டிரம், பை எடையைக் கழித்தால் எல்லாமே 215-ஐத் தொட்டன, சில அதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தன. ஆக, நிரப்புவதில் குறை இல்லை.

80 டிரம் என்றால் 17,200 கிலோ. 17,200-ஐ 3,780-ஆல் வகுத்தால் 4.55 வருகிறது. பழைய பள்ளிக்கூடக் கணக்கு படித்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறிதட்டும். ஒரு கேலன் 4.546 லிட்டர். அலுவலக எக்செல் தாளில் அதே எண்தான் உட்கார்ந்திருந்தது.

எந்த கேலன்?

4.546 என்பது தவறான எண் இல்லை. அது பிரிட்டிஷ் இம்பீரியல் கேலன். துல்லியமாகச் சொன்னால் 4.54609 லிட்டர். வெள்ளைக்காரன் ஆட்சியில் நமக்கு வந்த கேலன் அதுதான், நம் பழைய வாய்ப்பாட்டுப் புத்தகங்களில் நின்றதும் அதுதான். ஆனால் அமெரிக்க கேலன் வேறு: 3.785411784 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் அதைவிட 20 சதவீதம் பெரியது.

ஒரே பெயரில் இரண்டு அளவு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தில் முன்பு ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்கு ஒரு கேலன் என்று தனித்தனியாகப் புழங்கின. ராணி ஆன் காலத்தில், 1707-இல், ஒயின் கேலன் 231 கன அங்குலம் என்று சட்டமானது. அமெரிக்கக் குடியேற்றங்கள் அதை எடுத்துக்கொண்டன. தனி நாடான பிறகும் விடவில்லை. பிரிட்டனோ 1824-இல் பழைய கேலன்களையெல்லாம் ஒழித்துவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவு என்று புதிதாக ஒரு கேலனை வகுத்தது. அதுதான் இம்பீரியல். அமெரிக்கா அதற்குள் பிரிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் அந்த மாற்றம் அங்கே போகவில்லை. இந்தியாவுக்கு வந்தது. நாம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக்குக்கு மாறிவிட்டோம், ஆனால் 4.546 மட்டும் தலைமுறை தாண்டி எக்செல் தாள் வரைக்கும் வந்துவிட்டது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமாக இருக்கவே கூடாது என்பது என் எண்ணம். கேழ்வரகையும் எள்ளையும் வள்ளத்திலும் படியிலும் அளந்த ஊர் இது. வேற்றூர் வியாபாரி படிக் கணக்கில் விலை சொன்னால், "எந்தப் படிங்க? பட்டணம் படியா, உங்க ஊர்ப் படியா?" என்று கேட்காமல் எந்த விவசாயியும் மூட்டையை அவிழ்த்ததில்லை. அதற்கு மேலே, கூம்பாகக் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்றும் பேசிக்கொள்வார்கள். படிக்குக் கேட்ட அதே கேள்வியை கேலனுக்கும் கேட்டிருந்தால் இந்தக் கோப்பே பிறந்திருக்காது.

வாங்குபவரின் நாட்டை வைத்து நாமே முடிவு செய்துகொள்வதும் சரிப்படாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009 முடியும் வரை பெட்ரோல் பங்கில் விற்றது இம்பீரியல் கேலன். அதே ஊரில் வீட்டுக்கு வரும் "ஐந்து கேலன்" குடிநீர் பாட்டில் 18.9 லிட்டர், அதாவது அமெரிக்க கேலன் கணக்கு. ஒரே தெருவில் இரண்டு கேலன். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதித் திருத்தம்

இந்த வழக்கில் நான் அதிகம் கவனித்தது முதல் பிழையை அல்ல, அதைத் திருத்திய விதத்தைத்தான்.

4.546-ஐ எடுத்துவிட்டு 3.785 போடச் சொன்னதும் கணக்குப் பிரிவுப் பெண் உடனே மாற்றினார். ஒரு கேலன் விலை 363 ரூபாய் 68 காசிலிருந்து 302 ரூபாய் 80 காசுக்கு இறங்கியது. "இப்பதான் சார் விலை மார்க்கெட்டுக்கு வந்திருக்கு, உடனே அனுப்பிடலாமா?" என்றார் முதலாளி. எனக்கு அந்த விலை கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டதாகத் தோன்றியது. கீழே இருந்த வரிசையைப் பார்த்தால் காரணம் தெரிந்தது: ஒரு டிரம்முக்கு 56.8 கேலன் என்று தாள் காட்டியது.

நாம் வாங்கும் அந்த இரும்பு டிரம்மின் பெயரே உலகம் முழுக்க 55 கேலன் டிரம். அமெரிக்க கேலன் கணக்கில் அது 208 லிட்டர். அதற்குள் பையையும் வைத்து, மேலே கொஞ்சம் இடமும் விட்டுத்தான் நிரப்புகிறோம். மூடியைத் திறந்தால் பைக்கு மேல் இடைவெளி கண்ணுக்கே தெரியும். அப்படியிருக்க 56.8 கேலன் எப்படி உள்ளே போகும்? வாங்குபவர் சொன்ன கணக்கும் இதற்குப் பொருந்தவில்லை. 4,300-ஐ 80-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 54 தானே வருகிறது.

"ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"லிட்டரும் கிலோவும் ஒண்ணுதானே சார்?"

தண்ணீருக்குத்தான் அது ஏறத்தாழ ஒன்று. பாலுக்கே அப்படி இல்லை. ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ, பால் சொசைட்டியில் ஊற்றுகிற எல்லோருக்கும் இது தெரியும். மாங்கூழில் கரைந்திருக்கும் சர்க்கரை அதைவிட அதிகம். தோத்தாபுரிக் கூழுக்கு வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச பிரிக்ஸ் 14, அதாவது நூறு கிராமில் ஏறக்குறைய 14 கிராம் கரைந்த திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை. 14 பிரிக்ஸ் சர்க்கரைக் கரைசல் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 1.055 கிலோ. 16 பிரிக்ஸ் என்றால் 1.063.

இவை சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி அட்டவணையில், அதாவது ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்று காட்டும் அட்டவணையில், உள்ள எண்கள். அதை நம்பி மட்டும் விடவில்லை. ஆலை ஆய்வகத்தில் ஒரு லிட்டர் அளவுக்குடுவையைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, கூழைக் கோடு வரை ஊற்றி எடை பார்த்தோம். கூழ் கெட்டியானது, உள்ளே காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்ளும். அவசரமாக ஊற்றினால் எடை குறைவாகக் காட்டும். மெதுவாக ஊற்றி, தட்டிவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து பார்த்தபோது 1,055 கிராமுக்கு அக்கம்பக்கமாகத்தான் வந்தது.

இப்போது கணக்கு நேரானது. 215 கிலோவை 1.055-ஆல் வகுத்தால் 203.8 லிட்டர். அதை 3.785-ஆல் வகுத்தால் 53.8 கேலன். 80 டிரம்முக்கு 4,300 கேலனுக்குச் சற்று மேலே. வாங்குபவர் சொன்னது அப்படியே வந்துவிட்டது.

மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கிலோ 80 ரூபாய் என்ற அதே விலையில்.

முதல் தாள்: கேலன் 363.68 ரூபாய், டிரம்முக்கு 47.3 கேலன்.
பாதி திருத்தியது: கேலன் 302.80 ரூபாய், டிரம்முக்கு 56.8 கேலன்.
முழுதும் திருத்தியது: கேலன் 319.44 ரூபாய், டிரம்முக்கு 53.8 கேலன்.

முதல் தாளில் இருந்தவை இரண்டு பிழைகள், எதிரெதிர்த் திசையில். கேலனைப் பெரிதாக எடுத்ததால் விலை 20 சதவீதம் ஏறியது. அடர்த்தியை விட்டதால் 5 சதவீதம் இறங்கியது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 14 சதவீத ஏற்றம். 20 சதவீதமாகவே நின்றிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். 14 சதவீதம் என்பது, சரி, போட்டிக்காரன் விலையை அடிக்கிறான் போல, என்று நினைக்க வைக்கும் அளவு. அப்படித்தான் நினைத்தும் இருந்தார்கள். 4,000 கேலனுக்கு அது 1,77,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு புது வாங்குபவர் கைநழுவிப் போவது மிக எளிது.

ஒரு பிழையை மட்டும் திருத்திய இரண்டாவது தாள் இதைவிட ஆபத்தானது. ஒவ்வொரு கேலனிலும் 16 ரூபாய் 64 காசு நஷ்டம், 4,000 கேலனுக்கு 66,560 ரூபாய். அந்த விலை வாங்குபவருக்குப் பிடித்திருக்கும், உடனே ஒப்புக்கொண்டிருப்பார், ஆர்டரும் வந்திருக்கும். சீசன் முடிந்து வரவு செலவு பார்க்கும்போதுதான் பணம் எங்கே போயிற்று என்று தேடியிருப்பார்கள். கூழ் ஆலைகளுக்கு லாபம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்களுக்கு 5 சதவீதத்தின் கனம் புரியும்.

கொள்ளளவிலிருந்து எடைக்குப் போகும் இந்தப் படியில் பெரிய இடங்களிலும் கால் இடறியிருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கியே இறங்கியது. டேங்கில் இருந்த லிட்டரை கிலோவாக மாற்ற 0.803-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற 1.77-ஐப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அது எதற்கு எது என்று எழுதப்படவில்லை. நம் ஆலையின் தாளிலும் "4.546" என்று வெறும் எண்தான் இருந்தது, அது லிட்டரா கிலோவா, எந்த நாட்டு கேலன் என்று ஒரு சொல் கூட இல்லை.

இதோடு வந்த சின்னக் கணக்குகள்

அதே வாங்குபவர் பிறகு, 12 அவுன்ஸ் பாட்டிலில் அடைத்த மாம்பழ பானத்துக்கும் மாதிரி கேட்டார். இங்கே திசை மாறும். அமெரிக்க கேலன் சிறியது, ஆனால் அமெரிக்க திரவ அவுன்ஸ் பெரியது: 29.57 மி.லி. பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41 மி.லி. அமெரிக்கர்கள் கேலனை 128 அவுன்ஸாகவும் பிரிட்டிஷார் 160 அவுன்ஸாகவும் பிரித்ததால் வந்தது இது. ஆகவே 12 அவுன்ஸ் என்பது அமெரிக்கக் கணக்கில் 355 மி.லி., பிரிட்டிஷ் கணக்கில் 341. கேலனில் 20 சதவீதம் தெரிந்துவிட்டது என்று அதே விகிதத்தை அவுன்ஸுக்கும் போட்டால் கெட்டது. கேலனில் எட்டில் ஒரு பங்கான பைன்ட், கால் பங்கான குவார்ட் இரண்டும் கேலன் பக்கம்தான் நிற்கும், அமெரிக்க அளவுதான் சிறியது. அமெரிக்க குவார்ட் 946 மி.லி., பிரிட்டிஷ் குவார்ட் 1,137. அமெரிக்கச் சில்லறை லேபிளில் அவுன்ஸ், மி.லி. இரண்டும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம், அதனால் லேபிள் வரைவு வந்ததும் சரிபார்ப்பது சுலபமாக இருந்தது.

அடர் கூழ், அதாவது கான்சன்ட்ரேட், தனிக் கணக்கு. 28 பிரிக்ஸில் லிட்டருக்கு சுமார் 1.117 கிலோ. அதை டிரம்முக்கு 228 கிலோ நிரப்புவது வழக்கம். 228-ஐ 1.117-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 204 லிட்டர். சாதாரணக் கூழின் 215 கிலோவும் அதே 204 லிட்டர்தான். எடை இரண்டு விதமாக இருப்பதற்குக் காரணம், டிரம்மில் இருக்கும் இடம் ஒன்றே என்பதுதான். பல வருடமாக ஆலையில் இரண்டு எண்ணையும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கே இது அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஷிப்ட் மேற்பார்வையாளர் தானே ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

சூட்டையும் மறக்கக்கூடாது. கேனில் சூடாக நிரப்பும்போது கூழ் 85, 90 டிகிரியில் இருக்கும். தண்ணீரே 20-லிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது 3.4 சதவீதம் விரிகிறது. நிரப்பும் நேரத்தில் இருந்த கொள்ளளவை எழுதிக் கொடுத்தால், ஆறிய பிறகு அது இருக்காது. எடை மாறாது. மாங்கூழைப் பெரும்பாலும் எடையில் விற்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கேலனில் விலை கேட்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான், ஆனால் ஒப்பந்தம் கிலோவில் நிற்க வேண்டும்.

மாற்றியது என்ன

தாளைப் புதிதாகப் போட்டோம். கேலனிலிருந்து கிலோவுக்கு ஒரே தாவலில் போகும் கட்டம் இப்போது இல்லை. நடுவே லிட்டர் கட்டாயம் வரும். முதல் கட்டத்தில் கேலன் எண்ணிக்கை, பக்கத்திலேயே அமெரிக்கதா இம்பீரியலா என்பது, அடுத்து லிட்டர், அடுத்து அந்தத் தொகுதியின் பிரிக்ஸும் அதற்கான அடர்த்தியும், 20 டிகிரியில் என்ற குறிப்போடு, கடைசியில் கிலோ. யார் பார்த்தாலும் எந்த இடத்தில் எந்த எண் நுழைந்தது என்று தெரியும். டிரம்முக்கு எத்தனை கேலன் என்ற வரியை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம்: அமெரிக்கக் கணக்கில் 55-ஐத் தாண்டினாலோ 53-க்குக் கீழே போனாலோ அந்தத் தாள் வெளியே போகக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறது. இந்த ஒரு சோதனை முதல் தாளையும் பிடித்திருக்கும், இரண்டாவதையும் பிடித்திருக்கும்.

வாங்குபவருக்கான பதிலை நீட்டி எழுத வேண்டாம் என்றேன். நாங்கள் டிரம்முக்கு 215 கிலோ நிகர எடை நிரப்புகிறோம், முதல் விலைப்புள்ளியில் இம்பீரியல் கேலன் கணக்கு போய்விட்டது, 14 பிரிக்ஸில் 215 கிலோ என்பது 203.8 லிட்டர், 53.8 அமெரிக்க கேலன், 4,000 கேலன் என்பது 15,972 கிலோ, 75 டிரம், ஒரே கன்டெய்னரில் அடங்கும். எடைச் சீட்டுகளின் நகலையும் இணைத்தோம். விலையை கிலோவுக்கு முதலில் எழுதி, அதன் கீழே அமெரிக்க கேலனுக்கு எழுதினோம். அவர்கள் பதிலில் குறை நிரப்பல் பற்றிய பேச்சே இல்லை. பிரிக்ஸும் புளிப்பும் காட்டும் ஆய்வறிக்கை கேட்டார்கள், பிறகு கன்டெய்னரை முழுதாக 80 டிரம்மாகவே அனுப்பச் சொன்னார்கள். கொள்முதல் ஆணை கிலோவில் வந்தது.

பழைய கோப்புகளையும் எடுத்துப் பார்த்தோம். பிரிட்டனுக்குப் போன ஒரு விலைப்புள்ளியில் 4.546 சரியாகவே பொருந்தியிருந்தது, ஆனால் அடர்த்தி விடுபட்டதால் கேலனுக்கு 4.796 கிலோ கொடுக்க வேண்டிய இடத்தில் 4.546 கிலோவுக்கான விலைதான் சொல்லப்பட்டிருந்தது. அந்தச் சரக்கின் இன்வாய்ஸ் கிலோவில் இருந்ததால் பணம் போகவில்லை. அடர் கூழுக்கு மட்டும் அட்டவணை எண்ணைப் போட்டு வைத்திருக்கிறோம், அமெரிக்க கேலனுக்கு 4.228 கிலோ என்று. சீசனில் முதல் தொகுதி வெளியே வந்ததும் அதே குடுவையில் அளந்து அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும்.